பிள்ளைகளோடு நேர்ஸ் படிப்பு: வன்னித் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ9 வீதியோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கிளினிக்குக்கு வருகிற தாய்மார், வாட்டில் பிள்ளையோடு நிற்கிறவர்கள், எங்களோடு வேலை செய்கிற சிற்றூழியர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அநேகமானோர் முப்பதைத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களையும் யாரும் தவற விடவேண்டாம். பின்னால் வருகிற பல பதில்கள் அவற்றில்தான் தங்கியிருக்கின்றன.

எனக்கு 33 வயசு, ரெண்டு பிள்ளையள். இனி நேர்ஸ் ஆகேலுமோ?

ஏலும். ஆனால் எந்த வழியால் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் வழிகள் மூன்று. ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் 3 வருட டிப்ளோமா. வடக்கில் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அவை இருக்கின்றன. படிக்கும்போதே மாதப் படி தருவார்கள். இரண்டாவது, பல்கலைக்கழகத்தில் 4 வருடப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. மூன்றாவது, காசு கட்டிப் படிக்கிற தனியார் வழி.

அரசாங்கப் பயிற்சிக்கு மேல் வயதெல்லை இருக்கிறது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. உங்களுக்கு 25, 26 வயதென்றால் இன்றைக்கே அந்த வழியைப் பாருங்கள், பிள்ளை வளரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். 33 என்றால் மூன்றாவது வழிதான் பெரும்பாலும் மிஞ்சும். அதில் ஏமாறாமல் இருக்க அடுத்த பதிலை வாசியுங்கள்.

பதிவு, பதிவு எண்டு எல்லாரும் சொல்லினம். அது என்ன?

1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தாதியர் பேரவை அமைந்தது. அந்தப் பேரவையின் ஏட்டில் உங்கள் பெயர் ஏறினால்தான் நீங்கள் பதிவுபெற்ற தாதி. வெள்ளை உடுப்பும், கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையும், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் உங்களைப் பதிவுபெற்ற தாதியாக்காது.

இங்கேதான் எங்கள் பெண்கள் அதிகம் குழம்புகிறார்கள். என்.வி.கியூ. 4, அதாவது தேசியத் தொழிற் தகைமை 4ஆம் மட்டம் என்று சொல்லப்படுகிற பராமரிப்பாளர் அல்லது தாதி உதவியாளர் பயிற்சி ஒரு நல்ல தொழிற் சான்றிதழ். முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு அது உதவும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ கையில் உழைப்பு வேண்டும் என்றால் அதைப் படிப்பது நல்ல முடிவுதான். ஆனால் அதை முடித்தவர் பதிவுபெற்ற தாதி அல்ல. இரண்டுக்கும் நடுவில் பல வருடப் படிப்பு இருக்கிறது. எந்தப் படிப்பைப் பற்றி யார் வந்து சொன்னாலும், "இதை முடிச்சா தாதியர் பேரவையில பதியலாமோ?" என்று முதலில் கேளுங்கள்.

அரசாங்கப் பயிற்சிக்கு எப்ப விண்ணப்பம் போடுறது?

அரசாங்க அறிவித்தல்கள் வருகிற வர்த்தமானி இதழில் அறிவித்தல் வரும்போது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், தமிழிலும் வரும். பள்ளிக்கூட அனுமதி மாதிரி இது வருடாவருடம் குறித்த மாதத்தில் வருவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். வீட்டில் இணையம் இல்லாவிட்டால் பக்கத்து நூலகத்திலோ பிரதேச செயலகத்திலோ பார்க்கலாம்.

அறிவித்தல் வந்தால் கல்வித் தகைமையோடு வாசிப்பை நிறுத்தவேண்டாம். வயது எந்தத் திகதிக்குக் கணிக்கப்படுகிறது, உயரம் எவ்வளவு வேண்டும், மணநிலை பற்றி நிபந்தனை ஏதும் உண்டா, விடுதியில் தங்குவது கட்டாயமா என்ற வரிகளைப் பென்சிலால் கோடு போட்டு வாசியுங்கள். ஒருமுறை வந்த நிபந்தனை அடுத்த முறையும் அப்படியே வரும் என்று நம்பிவிடவும் கூடாது.

நான் ஆர்ட்ஸ் படிச்சனான். அப்ப சரிவராதோ?

அரசாங்கப் பயிற்சியும் பல்கலைக்கழகமும் பொதுவாக உயர்தர விஞ்ஞானப் பாடங்களை வைத்தே ஆள் எடுக்கின்றன. உயிரியல் பிரிவு என்றால் உயிரியலும் இரசாயனமும், அவற்றோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானமும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இவற்றைத் திரும்ப எழுத முடியும். ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ரியூசனுக்கு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்வந்து, இரசாயனத்தை அடியிலிருந்து படிப்பது இரண்டு, மூன்று வருட வேலை. அதை முடிக்கிற நேரத்தில் வயதெல்லை தாண்டிவிடுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

வயது இருக்கிறது, விஞ்ஞானப் பெறுபேறும் நல்லது என்றால் மாவட்டத்தை மறக்கவேண்டாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன.

2009இல எங்கட சேர்டிபிக்கற் எல்லாம் போட்டுது. இனி என்ன செய்யிறது?

இறுதிப் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களில் இதைக் கேட்காதவர்கள் இங்கே குறைவு. பரீட்சைப் பெறுபேறு தொலைவதில்லை, அது பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது. வருடமும் சுட்டெண்ணும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சுட்டெண் மறந்துவிட்டால் படித்த பள்ளிக்கூடத்தில் அல்லது வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், உங்களோடு எழுதிய சிநேகிதியின் சுட்டெண்ணாவது கிடைத்தால் தேடுவது இலகு. 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதியவர்களுக்கும் இதே வழிதான். எந்த நிலையத்தில் எழுதினீர்கள் என்பதை விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். பிறப்புப் பதிவு கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாட்கள் போகும், அறிவித்தல் வரும் வரை காத்திருந்து தொடங்கினால் பிந்திவிடும்.

பெயர் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் கூடியும், பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும் போட்டும் இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு புருசன் பெயரைச் சேர்த்து எழுதிப் பழகியிருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். மிச்சத்துக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். விண்ணப்பத்தில் பரீட்சை எழுதிய பெயரையே போடுங்கள்.

தனியார் இடம் ஒண்டில சேரப்போறன். போய் என்னென்ன கேக்கோணும்?

முதலில் பதிவு. "எங்களிட்ட படிச்சவை வேலை செய்யினம்" என்பது பதில் ஆகாது. போன அணியில் படித்து முடித்த ஒருவர் தாதியர் பேரவையில் பதிந்திருக்கிறாரா, அவரோடு ஒருக்கால் கதைக்கலாமா என்று கேளுங்கள். பிறகு பேரவைக்கும் நீங்களே எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்திருக்கிறது என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். அது நிறுவனத்தின் பதிவு. அங்கே படித்த நீங்கள் தாதியாகப் பதியலாமா என்பது வேறு கேள்வி.

அடுத்தது வாட்டு. தாதியம் வகுப்பறையில் மட்டும் படிக்கிற படிப்பு அல்ல. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, எத்தனை கட்டில் உள்ள ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை, பிரசவம், சிறுபிள்ளை, மனநலம் என்று எல்லா வாட்டுகளிலும் விடுவார்களா, பக்கத்தில் நின்று காட்டித்தர ஆசிரியர் வருவாரா என்று கேளுங்கள். பத்துக் கட்டில் கிளினிக் ஒன்றில் மூன்று வருடம் பிறஷர் பார்த்துவிட்டு வெளியே வருகிற பிள்ளையை எந்த வாட்டுச் சிஸ்டரும் தனியே விடமாட்டார்.

மூன்றாவது காசு. முழுக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உடுப்பு, பரீட்சை, பஸ், விடுதி என்று பிறகு பிறகு வருகிற கட்டணங்கள் அதில் இருக்கவேண்டும். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதும் இருக்கவேண்டும். "நூறு வீதம் வெளிநாட்டு வேலை" என்று பெயர்ப்பலகை போட்ட இடத்தைக் கண்டால் இந்த மூன்றையும் இன்னும் கறாராகக் கேளுங்கள். நகையை அடைவு வைத்துச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து வாசல் பூட்டியிருக்கக் கண்ட தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

லோன் எடுத்துப் படிக்கலாமோ?

கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடுகிற நுண்கடனை இதற்கு எடுக்கவே வேண்டாம். அந்தக் கடன் அடுத்த கிழமையே திரும்பக் கேட்கும், நேர்ஸ் படிப்போ வருடக்கணக்காக வருமானம் தராது. வட்டி குறைந்த வங்கிக் கடனோ, வெளிநாட்டில் இருக்கிற அண்ணனின் உதவியோ கிடைத்தால் முழுப் படிப்புக்கும் போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் வருடக் காசு மட்டும் கையில் இருக்கிறது என்றால், மேலே சொன்ன பராமரிப்பாளர் பயிற்சியை முடித்து உழைத்துச் சேர்த்துக்கொண்டு பிறகு வரலாம்.

இங்கிலிஷ் சுத்தமா வராது. சமாளிக்கலாமோ?

சமாளிக்கலாம், ஆனால் தொடங்கும் முன்னமே கொஞ்சம் உழைக்க வேண்டும். பி.எச்.ரி. என்கிற நோயாளியின் கட்டில் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படும். மருந்துப் பெயர்கள், பாடப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் வாட்டில் வருகிற ஆங்கிலம் மட்டானது, திரும்பத் திரும்ப வருவது. பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். என்றால் மூன்று தரம், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். உங்கள் அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கப் பழகுங்கள். மருந்துப் பெட்டியில் உள்ள பெயரையும் அதற்குள் இருக்கிற தாளையும் வாசியுங்கள். பிள்ளையின் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பதும் நல்ல வழி, இருவருக்கும் பிரயோசனம்.

சிங்களமும் கொஞ்சம் வேண்டும். வவுனியாவில் சிங்கள நோயாளர்கள் வருவார்கள். டொக்டர்மார் பலருக்கும் சிங்களம்தான் தாய்மொழி. "எங்க நோகுது, எப்ப தொடங்கினது, சாப்பிட்டாச்சோ" என்கிற அளவுக்குக் கேட்கத் தெரிந்தால் தொடங்கப் போதும்.

கணக்கு மறந்து போச்சு. மருந்துக் கணக்கு பயமா இருக்கு.

பயம் இருப்பது நல்லது, இந்தக் கணக்கில் பிழைவிட்டால் ஓர் உயிர் போகலாம். ஆனால் கணக்கு பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகாது. ஒரு நோயாளிக்கு 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏறவேண்டும் என்று வையுங்கள். சேலைன் செற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. மொத்தம் 20,000 துளி. 8 மணித்தியாலம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு துளியறையில் விழுவதை எண்ணி, குழாயில் உள்ள உருளியைக் கூட்டிக் குறைத்து அந்த 42க்குக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் இருக்கிற பரசிற்றமோல் பாணிப் போத்தலை எடுத்துப் பாருங்கள். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். பிள்ளைக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம், அதாவது 7.5 மில்லிலீற்றர். இப்படித் தினம் ஒன்றிரண்டு கணக்குச் செய்தால் பயம் தெளியும். எழுதும்போது புள்ளியில் கவனம்: அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூச்சியம் போட்டு எழுதவேண்டும், ஐந்தை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும்.

நைற் டியூட்டி எண்டா பிள்ளையளை ஆர் பாக்கிறது?

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வழமையான முறை காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணி, 1 மணியிலிருந்து இரவு 7 மணி, இரவு 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி. பயிற்சிக் காலத்திலும் இரவுக் கடமை உண்டு. கஷ்டம் 12 மணித்தியால இரவோடு முடிவதில்லை. 7 மணிக்கு வாட்டில் நிற்க எந்த பஸ்ஸில் வருவது, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து ஆட்கள் யானை இறங்குகிற வீதியால் இருட்டுக்குள் எப்படிப் போவது, காலையில் பிள்ளையை முன்பள்ளிக்கு யார் கூட்டிப்போவது என்று எல்லாம் சேர்ந்துதான் கஷ்டம்.

அம்மம்மா இருக்கிறா, மாமி பார்ப்பா என்று பொதுவாக நினைத்துக்கொண்டு தொடங்கவேண்டாம். அவவோடு இருந்து, மாதத்தில் எத்தனை இரவு, காய்ச்சல் வந்தால் யாருக்குக் கோல் எடுப்பது, அவவுக்கே சுகமில்லாவிட்டால் அடுத்த ஆள் யார் என்று பெயர் சொல்லிக் கதையுங்கள். புருசன் இல்லாமல் தனியே பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு முறை வைத்துக்கொண்டு நன்றாகவே படித்து முடித்திருக்கிறார்கள். அவ வயலுக்குப் போகும் நாளில் அவவின் பிள்ளைகள் உங்களோடு. காசு கொடுப்பதென்றால் அதையும் முதலிலேயே பேசி முடியுங்கள்.

இரவு முழித்து வந்த பிறகு நித்திரை கொள்ளவும் இடம் வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே படுக்கவே முடியாது. வேம்பின் கீழோ, ஓட்டு வீடு உள்ள சொந்தக்காரரிடமோ நாலைந்து மணித்தியாலம் படுக்க ஒழுங்கு செய்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த உடனே உடுப்புத் தோய்க்கத் தொடங்குகிற பெண்கள்தான் இரண்டாம் மாதமே களைத்து விழுகிறார்கள்.

எனக்குப் பால் குடிக்கிற பிள்ளை. இப்ப தொடங்கலாமோ?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவேண்டிய காலம். முடிந்தால் அது கடந்த பிறகு தொடங்குங்கள். அதற்குப் பிறகு பாலைக் கையால் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். சாதாரண அறை வெப்பத்தில் 4 மணித்தியாலம் இருக்கும் என்பது கணக்கு. எங்கள் வெயிலுக்கு அவ்வளவு நேரம் வைக்கவேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் இருக்கும், ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் 24 மணித்தியாலம். வாட்டில் பால் கட்டி நெஞ்சு நொந்தால் வெட்கப்படாமல் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு ஓர் அறைக்குள் போய் எடுங்கள்.

ஊசி குத்துப்பட்டா பிள்ளைக்கும் வருத்தம் வந்திடுமோ?

வாட்டுக்குள் போக முன்னமே ஈரலழற்சி பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. குத்துப்பட்டால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்கவேண்டாம். உடனே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு சுணங்காமலோ அவ்வளவு நல்லது. பேச்சு விழும் என்று மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாணவியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பால் கொடுக்கிற தாய் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள், மருந்தைத் தெரிவுசெய்ய டொக்டருக்கு அது தேவை.

ரத்தத்தைக் கண்டா எனக்கு மாத்தளன் ஞாபகம் வருது, கை நடுங்குது. நான் இதுக்குச் சரிவருவனோ?

இறுதிப் போரில் பதுங்கு குழிக்குள் இருந்தவர்களும், புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக ஆஸ்பத்திரித் தரையில் காயக்காரரைக் கண்டவர்களும் எங்களுக்குள் எத்தனையோ பேர். கை நடுங்குவது உங்களை இந்தத் தொழிலிலிருந்து விலக்கிவிடாது. சேருவதற்கு முன் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் ஒருவரோடு கதையுங்கள். அங்கே போனால் பைத்தியக்காரி என்பார்கள் என்ற பயத்தை விடுங்கள், அவர்கள் தினமும் பார்க்கிற விடயம்தான் இது. பயிற்சியில் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால், முதலில் மருத்துவ வாட்டு, சிறுபிள்ளை வாட்டு என்று போட்டு, விபத்துப் பிரிவைப் பிந்தி வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல் நாட்கணக்காக இருந்தால் கொஞ்சக் காலம் நிறுத்தி வையுங்கள். தள்ளிப்போட்டால் படிப்பு போய்விடாது.

முந்தி போர்க்காலத்தில காயக்காரரைப் பராமரிச்சனான். அது கணக்கில வராதோ?

பதிவுக்கு வராது. இரண்டாம் பதிலில் சொன்ன ஏடு, அங்கீகரித்த படிப்பையும் பரீட்சையையும் மட்டும்தான் பார்க்கும். எத்தனை பேரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தாலும் கடதாசியில் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். அது நியாயமாகப் படாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் உங்கள் கை மறக்கவில்லை, கட்டுப் போடுவதும் நாடி பிடிப்பதும் மற்றவர்களை விடச் சீக்கிரம் வரும். அந்த நேரத்தில் இருந்ததை வைத்துச் சமாளித்த சில முறைகளை மட்டும் விடவேண்டி வரும். கையுறையும் கிருமிநீக்கலும் ஒவ்வொரு தடவையும் கட்டாயம். எங்கே பழகினீர்கள் என்று வகுப்பில் விளக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வகுப்பில எல்லாரும் 20 வயசுப் பிள்ளையள். வெக்கமா இருக்காதோ?

ஒரு மாதம் இருக்கும். பிறகு எல்லோரும் அக்கா என்று கூப்பிடத் தொடங்குவார்கள். அக்கா ஆனதும் அவர்களுடைய பிரச்சினை எல்லாவற்றுக்கும் காது கொடுத்துப் படிக்கிற நேரத்தை இழக்கவேண்டாம். வாட்டில் உங்களை விட வயது குறைந்தவர் உங்களைப் பிழை பிடிப்பார். அங்கே அவர் சிஸ்டர், நீங்கள் மாணவி.

முடிச்சா ஊரிலயே வேலை கிடைக்குமோ, இல்லாட்டி லண்டன் போகலாமோ?

அரசாங்கப் பயிற்சி முடித்தவர்களுக்கு நியமனம் நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கலாம். முதல் சில வருடம் பிள்ளைகளை விட்டோ கூட்டிக்கொண்டோ வெளி மாவட்டத்தில் இருக்கவேண்டி வரும் என்று வீட்டாருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். தனியார் டிப்ளோமா தன்பாட்டில் அரச நியமனம் தராது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை தேடவேண்டும்.

பிரித்தானியாவுக்கு என்றால் சொந்த நாட்டில் தாதியாகத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அதனால் பதிவு இல்லாமல் முதல் படியே தாண்டாது. பிறகு ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்கிற ஆங்கிலப் பரீட்சையில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 எடுக்கவேண்டும். அதற்கு மேல் கணினியில் ஒரு பரீட்சை, அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சை. இதையெல்லாம் காசு கட்டினால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிற முகவரை நம்பவேண்டாம். பரீட்சையை உங்களுக்காக வேறு யாரும் எழுத முடியாது.

பாதியில நிப்பாட்ட வேண்டி வந்தா?

பிள்ளைக்கு வருத்தம், அம்மாவுக்குப் பாரிசவாதம் என்று வரத்தான் செய்யும். சொல்லாமல் நின்றுவிடவேண்டாம். நிற்பதற்கு முன் எழுத்தில் விடுப்புக் கேளுங்கள், அடுத்த அணியோடு சேரலாமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை எழுதிய பரீட்சைப் புள்ளிகளும் வாட்டுப் பயிற்சிப் பதிவேடும் கையில் இருக்கவேண்டும். பதிவேட்டில் கையொப்பம் விடுபட்டிருந்தால் அந்த வாட்டுச் சிஸ்டர் மாற்றலாகிப் போகும் முன் வாங்கிவிடுங்கள்.

அரசாங்கப் பயிற்சியில் சேரும்போது ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைப்பீர்கள், பிணை நிற்பவர்களும் வைப்பார்கள். இடையில் விலகினால் காசு யார் கட்டுவது என்பது அதில் எழுதியிருக்கும். பிணைக்குக் கூப்பிடுகிற தமையனுக்கோ சித்தப்பாவுக்கோ அந்தப் பந்தியை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனையைக் கொடுங்கள்.